ஏடும் ஆடுகளமும்



தமிழகத்தை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிப் பத்தாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும், அவன் ஆடிய பந்து பரண் மேல் ஏறிவிடும். இதைக் கொடுமை என்று எண்ணி யாரும் செய்வதில்லை. விட்டு வந்த ஊரில் நிலம் இல்லை. வந்து சேர்ந்த ஊரில் உறவு இல்லை. பிள்ளையின் படிப்பு ஒன்றே நாம் நம்பியிருக்கும் முதல். அந்த முதலுக்கு ஊறு நேர்ந்துவிடலாகாதே என்ற அச்சம்தான் நம்மை அவ்வாறு செய்யத் தூண்டுகிறது.

நானும் அதைச் செய்தவன்தான். நாகபுரியில் நான் பணியாற்றிய காலத்தில் என் மூத்த மகன் பள்ளிக் கால்பந்து அணியில் இடம் பெற்றிருந்தான். பத்தாம் வகுப்புத் தொடங்கிய அன்று அவனுடைய பந்தை எடுத்துப் பரணில் வைத்தேன். அவன் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேர்விலும் நன்றாகவே தேறினான். ஆயினும் அவ்வாண்டு முழுவதும், மாலை வேளைகளில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி அவன் அமர்ந்திருந்த காட்சி இன்றும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

படிப்பும் ஆட்டமும் ஒன்றை ஒன்று விழுங்கி வளர்பவைதாமா? ஒரு பள்ளி இரண்டிலும் ஓங்கி நிற்க இயலாதா? அதுவும், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கென அமைந்த தனியார் பள்ளியாக இல்லாமல், பொதுமக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் பள்ளியாக இருந்து அவ்வாறு நிற்க இயலாதா? இந்த வினாக்களுக்கு விடை தேடும்போது, கடல் கடந்த ஒரு பள்ளியின் வரலாறு நமக்குத் துணை செய்கிறது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் உள்ள விட்னி எம். யங் காந்த உயர்நிலைப்பள்ளியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சில சொற்கள் சொல்ல விழைகிறேன்.

காந்தப் பள்ளி என்ற பெயர் நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். அமெரிக்க நகரங்களில் பொதுவாக ஒரு குழந்தை தான் குடியிருக்கும் வட்டாரத்துப் பள்ளியிலேயே சேர்கிறது. காந்தப் பள்ளிக்கு அத்தகைய வட்டாரம் இல்லை. தரமான ஆசிரியர், சிறப்பான பாடத்திட்டம், வசதியான கட்டடம் ஆகியவற்றைக் கொண்டு, காந்தம் இரும்புத் துகள்களை இழுப்பது போல, நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவரைத் தன்பால் இழுப்பது அது. ஆதலால் அப்பெயர் பெற்றது.

இத்தகைய பள்ளிகள் ஏன் தோன்றின என்பதை அறிய நாம் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். வெள்ளையர்க்கு ஒரு பள்ளி, கறுப்பின மக்களுக்கு வேறொரு பள்ளி என்று பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு ஒன்று, தெரு வேறொன்று. சிகாகோ போன்ற வடபுல நகரங்களில், பள்ளிகளைப் பிரித்து வைக்கச் சட்டம் ஏதும் இல்லாதபோதும், குடியிருப்புகள் பிரிந்து கிடந்தன. குடியிருப்புப் பிரிந்திருக்கவே, பள்ளியும் பிரிந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளில் பள்ளிகள் நெரிசலால் திணறின. வேற்றுப் பகுதிப் பள்ளிகளில் காலியிடங்கள் இருந்தும், அங்கே அக்குழந்தைகளை அனுப்ப மனமில்லாத நிர்வாகம், பள்ளி முற்றங்களில் தகரக் கூண்டுகள் போன்ற நடமாடும் வகுப்பறைகளைக் கொணர்ந்து நிறுத்தியது. இதனை எதிர்த்து 1963 அக்டோபர் 22-ஆம் நாள் சிகாகோவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குச் செல்லாமல் நின்றுவிட்டனர். ஒரே நாளில், ஒரே நகரத்தில் நிகழ்ந்த கதவடைப்பு அது!

பிள்ளைகளைக் கட்டாயமாகப் பஸ்ஸில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் முறையும் சில நகரங்களில் கையாளப்பட்டது. 1974-இல் பாஸ்டன் நகரில் அந்தப் பஸ்கள் மீது கற்கள் வீசப்பட்டன. கட்டாயம் கசப்பைத்தான் வளர்க்கிறது என்று கண்ட கல்வியாளர் சிலர், "பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு போவானேன்? தாமாகவே நாடி வரும்படி ஒரு நல்ல பள்ளியை எழுப்பினால் என்ன?" என்று எண்ணினர். காந்தப் பள்ளியின் கருத்து அவ்வாறு உரம் பெற்றது.

1968 ஏப்ரல் மாதத்தில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சிகாகோவின் மேற்குப் பகுதியில் துயரமும் சினமும் தீயாக மூண்டன. தெருத் தெருவாகக் கட்டடங்கள் எரிந்தன. எரிந்து வெறுமையாகக் கிடந்த அப்பகுதியில்தான் 1975-இல் இப்பள்ளி திறக்கப்பட்டது. சாம்பல் படிந்த மண்ணில் கல்விக்கூடம் ஒன்று எழுந்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தியன்றோ?

பள்ளிக்கு யாருடைய பெயர் இடப்பட்டது என்பதும் கருதத்தக்கது. விட்னி யங் 1921-இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் கறுப்பின மாணவர்க்கென நடந்த ஒரு பள்ளியின் தலைவராக விளங்கியவர். மகனோ தேசிய நகர்ப்புற லீக் என்னும் அமைப்பின் தலைவராக 1961 முதல் பத்தாண்டுகள் உழைத்து, ஆலைகளிலும் அலுவலகங்களிலும் தம் இனத்தவர்க்கு வேலை வாய்ப்புகளைத் திறந்துவிட்டார். 1963-இல் வாஷிங்டனில் நிகழ்ந்த மாபெரும் பேரணியை அமைத்த தலைவர்களுள் ஒருவர் அவர். 1971-இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் கடலில் நீராடுகையில் உயிர் நீத்தார்.

தொடக்க ஆண்டுகளில் இப்பள்ளியில் மாணவரைச் சேர்ப்பதற்கு ஓர் அளவு வகுக்கப்பட்டிருந்தது. கறுப்பின மாணவர் நூற்றுக்கு 40, வெள்ளை மாணவர் 40, எஞ்சிய இடங்கள் பிறருக்கு என்பது நோக்கம். நடைமுறையில் வெள்ளை மாணவர் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. எனினும் நகரத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் மாணவர் வந்தனர். செவிப்புலன் குன்றிய மாணவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. சைகை மொழி அப்பள்ளியில் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது.

அவ்வாறு வந்தவர்களுள் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிகாகோவின் தென்பகுதியில் ஒரு சிறிய வீட்டின் மாடியில் அவள் குடும்பம் வாழ்ந்தது. தந்தை நகராட்சியின் நீர் வடிகட்டும் நிலையத்தில் ஊழியர். நரம்பு மண்டல நோயால் நாளுக்கு நாள் நடை தளர்ந்தும், பணிக்குச் செல்வதை விடாதவர். மகள் 1977-இல் இப்பள்ளியில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், திரும்பவும் அவ்வளவே. விடியுமுன் எழுந்து, பஸ் மாறிப் பஸ் ஏறி, மடியில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே போவாள். 1981-இல் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்றுத் தேறினாள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க எண்ணியபோது, வழிகாட்ட வேண்டியவரே, அது உனக்கு ஏற்ற இடமாகத் தோன்றவில்லை என்னும் பொருள்படப் பேசினார். அச்சொல் அவளைத் தடுக்கவில்லை. பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டு சட்டக் கல்லூரியிலும் பயின்றாள். மிஷேல் ராபின்சன் என்ற அச்சிறுமியே பிற்காலத்தில் மிஷேல் ஒபாமாவாக 2009 முதல் 2017 வரை வெள்ளை மாளிகையில் வாழ்ந்தவர். சிறுவர் உடல் நலம் பேண ஓடியாட வேண்டும் என்பதற்காக 2010-இல் நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியவரும் அவரே. படிப்பால் உயர்ந்த ஒருவர், தமக்கு வாய்த்த மேடையை விளையாட்டின் பயனை எடுத்துரைக்கப் பயன்படுத்தினார் என்பது நம் கவனத்துக்கு உரியது.

இனி, இப்பள்ளியின் படிப்புச் சிறப்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் கல்விப் பத்துப் போட்டி என்று ஒன்று உண்டு. ஒலிம்பிக் பந்தயங்களில் ஒரே வீரர் ஓட்டம், தாண்டுதல், எறிதல் எனப் பத்து வகைப் போட்டிகளில் கலந்துகொள்ளும் பந்தயத்தை நாம் அறிவோம். அதனை அடியொற்றி, 1968-இல் கலிபோர்னியாவில் ராபர்ட் பீட்டர்சன் என்னும் கல்வி அதிகாரி இதனை அமைத்தார். கணிதம், அறிவியல், இலக்கியம், கலை, இசை, பொருளியல், சமூகவியல், கட்டுரை, சொற்பொழிவு, நேர்காணல் என்பன அப்பத்து. விட்னி யங் பள்ளி இல்லினாய் மாநிலத்தில் இப்போட்டியின் முதலிடத்தை ஆண்டுக்கு ஆண்டு பெற்று வந்த பள்ளி.

வெற்றியைவிட அப்போட்டியின் விதி ஒன்றே என்னை மிகவும் கவர்ந்தது. ஓர் அணியில் ஒன்பது பேர். அவர்களுள் மூவர் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுவோர், மூவர் நடுத்தரத்தினர், எஞ்சிய மூவர் அவர்களுக்கும் கீழான மதிப்பெண் பெறுவோர். மூன்று தரத்தினரும் தத்தம் தரத்தாரோடு போட்டியிடுகின்றனர். ஆனால் அவர்கள் பெறும் புள்ளிகள் ஒன்றாகவே கூட்டப்படுகின்றன. ஆகவே, முதல் மாணவர்களை மட்டும் தட்டிக் கொடுத்து ஓர் அணியால் வெல்ல முடியாது. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கையையும் பற்றிக்கொண்டு ஓட வேண்டும். ஆடுகளத்தில் எல்லாரும் அறிந்த இந்த உண்மையை வகுப்பறைக்குள் கொண்டு வந்த விதி அது.

ஆடுகளத்துக்கு வருவோம். சிகாகோ கூடைப்பந்தாட்டத்தில் ஊறிய நகரம். நம் ஊர்களில் சந்துக்குச் சந்து கிரிக்கெட் ஆடுவது போல, அங்கே தெருமுனைதோறும் கூடைப்பந்து. விட்னி யங் பள்ளியின் ஆண்கள் அணி 1998, 2009, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் மாநில முதற்பரிசை வென்றிருக்கிறது. 1998 அணியில் ஆடிய குவென்டின் ரிச்சர்ட்சனும், 2014 அணியில் ஆடிய ஜலீல் ஒகாஃபோரும் பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரர்களாக நாடறிய விளங்கினர்.

பெண்கள் அணியும் மாநிலப் பட்டத்தை வென்ற அணியே. இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்விக்கூடத்திலும் பெண் என்ற காரணத்தால் யாரையும் விலக்கலாகாது என்று 1972-இல் அமெரிக்காவில் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன் உயர்நிலைப்பள்ளி விளையாட்டுகளில் பங்கு கொண்ட பெண்கள் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 3 லட்சம் பேரே. இன்றோ 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மூன்றே ஆண்டுகள் கழித்துத் திறக்கப்பட்ட இப்பள்ளி, தொடக்கம் முதலே அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. நம் வீடுகளில் மகனுடைய பந்து பத்தாம் வகுப்பில் பரணேறுகிறது என்றால், மகளுடைய பந்து ஆறாம் வகுப்பிலேயே ஏறிவிடுகிறது. அதனால்தான் இதனைச் சற்று விரித்துச் சொன்னேன்.

"ஆட்டத்தில் ஈடுபட்டால் படிப்புக் கெடாதா?" என்று கேட்கலாம். அந்த அச்சம் அவர்களுக்கும் உண்டு. ஆகவேதான் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தில் ஒரு மாணவர் பள்ளி அணியில் ஆட வேண்டுமானால், குறித்த எண்ணிக்கைப் பாடங்களில் தேர்ச்சி நிலையில் இருக்க வேண்டும். இது ஆண்டு முடிவில் ஒருமுறை பார்க்கும் கணக்கன்று. வாரந்தோறும் பார்க்கும் கணக்கு. படிப்பில் தளர்ந்தவர் அவ்வாரம் ஆடுகளத்துக்கு வெளியே அமர வேண்டும். தேறி வந்ததும் மீண்டும் ஆடலாம். இங்கே ஆட்டம் படிப்புக்குப் பகையாக இல்லை. படிப்பைக் காக்கும் காவலாகவே அமைந்துவிடுகிறது. நாம் செய்வதோ இதற்கு நேர்மாறானது. படிப்பில் தளராத பிள்ளையையும், தளர்ந்துவிடுவானோ என்று ஐயுற்று, முன்கூட்டியே ஆண்டு முழுவதும் வெளியே அமர்த்திவிடுகிறோம்.

இவ்வளவு புகழ்ந்து பேசிய பின், இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வதே முறை. காந்தம் இரும்பை இழுக்கும்போது, இழுக்கப்படாமல் எஞ்சிய துகள்களின் கதி என்ன?

1995-இல் இல்லினாய் மாநிலக் கல்விப் பத்துப் போட்டியில் ஒரு வியப்பு நேர்ந்தது. ஆண்டுதோறும் வென்று வந்த விட்னி யங் பள்ளியை, அதே நகரின் சாதாரணப் பள்ளி ஒன்று தோற்கடித்தது. எல்லாரும் வியந்து பாராட்டினர். ஆனால் அவ்வணி வினாத்தாளை முன்னதாகவே பெற்றிருந்தது என்ற ஐயம் எழுந்தது. மீண்டும் ஒரு தேர்வு எழுத அம்மாணவர்கள் இணங்கவில்லை. இறுதியில் உண்மை வெளிப்பட்டது. பட்டம் பறிக்கப்பட்டு விட்னி யங் பள்ளிக்கே வழங்கப்பட்டது. பின்னாளில் இந்நிகழ்ச்சி திரைப்படமாகவும் வந்தது.

வஞ்சித்தது தவறு, அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த மாணவர்களின் நிலையில் நின்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நகரத்தின் தேர்ந்த மாணவர்கள் ஒரு பக்கம் திரட்டப்பட்டுவிட்டனர். எஞ்சியவர்களிடம், நீங்களும் ஓடி வெல்லுங்கள் என்று சொல்லப்படுகிறது. நேர்வழியில் வெல்ல வழியே இல்லை என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை நம்பத் தொடங்கினால், அக்குற்றத்தில் அவனுக்கு மட்டுமா பங்கு? விளையாட்டிலும் இதே முறையீடு உண்டு. நகரம் முழுவதிலுமிருந்து மாணவரைச் சேர்க்கும் பள்ளிக்கும், தன் தெருப் பிள்ளைகளை மட்டுமே நம்பியிருக்கும் பள்ளிக்கும் நடக்கும் ஆட்டம் சமமான ஆட்டம்தானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சேர்க்கையிலும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. சிகாகோவின் பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்க மத்திய அரசோடு 1980-இல் செய்யப்பட்ட நீதிமன்ற உடன்பாடு 2009-இல் முடிவடைந்தது. அதன்பின், இனத்தைக் கருதாமல், நகரத்தின் பகுதிகளை அங்கு வாழ்வோரின் வருவாய், கல்வி முதலியவற்றைக் கொண்டு நான்கு படிகளாகப் பிரித்து, ஒரு பங்கு இடங்களை மதிப்பெண் ஒன்றையே கருதியும், எஞ்சியவற்றை ஒவ்வொரு படிக்கும் சமமாகவும் வழங்கும் முறை வந்தது. ஏழைக் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அப்படியிருந்தும், யாருக்காக இப்பள்ளிகள் முதலில் எழுந்தனவோ அந்தக் கறுப்பின மாணவரின் பங்கு இவற்றில் குறைந்துவிட்டது என்ற குறை அந்நகரில் எழுந்தது. 2013-இல் அதே சிகாகோ நகரம், மாணவர் தொகை குறைந்துவிட்டதென்று சொல்லி, 50 பொதுப் பள்ளிகளை மூட முடிவு செய்தது. அவற்றுள் பெரும்பாலானவை கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தவை. ஒளி மிகுந்த ஒரு விளக்கு, தெரு முழுவதையும் விளக்கிவிடாது என்பதற்கு இது சான்று.

ஆகவே, நமக்கும் இப்படி ஒரு பள்ளி வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு நாட்டின் நோய்க்கு அந்நாட்டார் கண்ட மருந்து அது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அப்பள்ளியின் அமைப்பை அன்று. அதன் அன்றாட நடைமுறையில் புலப்படும் எளிய உண்மைகளையே.

ஒன்று, பொதுப் பள்ளி என்றால் தாழ்ந்த பள்ளி என்று எண்ண வேண்டியதில்லை. மாற்றலுக்கு உள்ளாகும் அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென 1963-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசுப் பள்ளிகளில் நேயர்களில் பலருடைய பிள்ளைகள் படித்திருப்பார்கள். அங்கே ஆடுகளம் இருக்கிறதா, அதில் பிள்ளைகள் ஆடுகிறார்களா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. தேர்வு முடிவைக் கேட்கும் நாம் அதையும் கேட்க வேண்டும்.

இரண்டு, பயிற்சி என்பது ஏட்டிலும் களத்திலும் ஒன்றே. நூறு முறை பந்தைக் கூடையை நோக்கி எறிந்து, தொண்ணூறு முறை தவறியும், மறுநாள் மீண்டும் வந்து எறியும் பிள்ளை, கணக்கு ஒன்று விடுபடவில்லையே என்று கண்ணீர் விடமாட்டான். மீண்டும் போட்டுப் பார்ப்பான். தோற்பதற்குப் பழகிய மனம் தேர்வுக்கு அஞ்சுவதில்லை. பாரதியார் பாப்பாவுக்கு ஒரு நாளைப் பகுத்துக் கொடுத்தபோது, காலையைப் படிப்புக்குத் தந்து, மாலை முழுவதையும் விளையாட்டுக்கே ஒதுக்கினார். கவிஞர் பொழுது போகாமல் சொன்ன சொல் அன்று அது.

மூன்றாவது, வேற்றூரில் வாழும் நமக்கே சிறப்பாக உரியது. மொழி தெரியாத ஊரில் குடியேறிய பிள்ளைக்கு முதல் நண்பன் எங்கே கிடைக்கிறான்? வகுப்பறையில் பேசுவதற்குச் சொல் வேண்டும். ஆடுகளத்தில் பந்து இருந்தால் போதும். நாகபுரிக்கு வந்த புதிதில் மராத்தியில் ஒரு சொல்லும் அறியாதிருந்த என் மகன், ஆறே மாதத்தில் அம்மொழியைத் தங்கு தடையின்றிப் பேசினான். அதை அவனுக்குக் கற்பித்தவர் ஆசிரியர் அல்லர். அவனோடு ஆடிய பிள்ளைகளே. அந்தப் பந்தைப் பரணில் வைத்தபோது, அவனுடைய நண்பர்களையும் அங்கே தூக்கி வைத்துவிட்டேன் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

என் மகன் இன்று பொறியாளனாகப் புனே நகரில் பணியாற்றுகிறான். அன்றைய நிகழ்ச்சியைப் பற்றி அவன் என்னிடம் ஒருமுறையும் பேசியதில்லை. சென்ற ஆண்டு அவன் இல்லத்தில் சில வாரம் தங்கியிருந்தேன். என் பேத்திக்கு அது பத்தாம் வகுப்பு. மாலை ஐந்து மணி அடித்ததும் அவன் எழுந்து, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வா அம்மா, நேரமாகிறது" என்று அவளை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் புறப்பட்டான். வாசலில் அமர்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வருகிறீர்களா, அப்பா?" என்று கேட்டான்.

நானும் எழுந்து சென்றேன்.